சிதறிக் கிடந்த பொருளட்டைகள்: வலிகாமத்து வாசிகசாலை நூலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலையோடு சேர்ந்த சிறு நூலகம். ஏறக்குறைய 4,000 நூல்கள். பாதிக்குச் சற்று மேல் நாவல், சிறுகதை, கவிதை, சிறுவர் நூல்கள். மீதி சமயம், வரலாறு, மருத்துவம், விவசாயம், பாடத்துணை நூல்கள், ஊர் வெளியீடுகள். பின்னேரங்களில் பகுதிநேர உதவியாளர் ஒருவர் திறந்து மூடுகிறார். நிர்வாகசபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நூலகத்துக்குப் பொறுப்பு.

நூலகத்தின் மூலையில் 15 லாச்சிகள் கொண்ட மர அலுமாரி ஒன்று நிற்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு காலத்தில் நூலாசிரியர், நூற்பெயர், பொருள் என மூன்று வரிசைகளாக அட்டை எழுதி அதில் அடுக்கியிருந்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அலுமாரி அங்கேயே விடப்பட்டது. மக்கள் திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரி நின்றது, அட்டைகளைக் கோத்திருந்த கம்பிகள் இல்லை. நிலத்தில் கொட்டியவற்றைக் கிடைத்த கைகள் அள்ளி வைத்தன. ஆசிரியர், நூற்பெயர் வரிசைகளைப் பின்னர் பொறுமையாக ஒழுங்குபடுத்த முடிந்தது, ஏனெனில் அவற்றுக்கு நூலின் முகப்புப் பக்கமே சாட்சி. நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருளட்டைகளுக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. அவை நான்கு லாச்சிகளில் தாறுமாறாகக் கிடந்தன. பின்னர் வந்தவர்கள் தத்தம் மனதுக்குப் பட்ட தலைப்பில் புதிய அட்டைகளையும் சேர்த்துக்கொண்டு போனார்கள்.

இடையில் இளைஞர் சிலர் கணினியில் ஒரு பட்டியல் தயாரித்தனர். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அகர வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி அந்த ஆங்கில எழுத்துகளின் ஒழுங்கில்தான் அடுக்கும். பாமினியில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் தட்டப்படுவதால் கெடிலம், தென்னை, பொருளியல் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிந்தன. 2022 இல் மின்வெட்டு நாளில் பல மணித்தியாலம் நீண்டபோது அந்தப் பட்டியலையும் திறக்க முடியாமற் போனது. அதன் பிறகே நிர்வாகசபை அலுமாரியின் பக்கம் திரும்பியது.

உலகத்தின் பெரும்பகுதி அட்டைகளைக் கைவிட்டுவிட்டது. நூலகங்களுக்கு அட்டை அச்சிட்டுக் கொடுத்துவந்த ஓசிஎல்சி (OCLC) என்ற அமெரிக்க நூலகக் கூட்டுறவு நிறுவனமும் 2015 ஒக்ரோபரில் அதை நிறுத்தியது. ஆனாலும் ஒரு பொருளை எந்தச் சொல்லின் கீழ் வைப்பது என்ற கேள்வியைக் கணினியும் தீர்த்துவைப்பதில்லை. அந்த வேலையை அட்டையில் செய்தால் என்ன, திரையில் செய்தால் என்ன, வேலை ஒன்றுதான்.

அவதானித்தவை

அட்டைகளைத் தொடுவதற்கு முன், வாசகர் கேட்பதை அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு கொப்பியில் எழுதும்படி உதவியாளரிடம் சொல்லப்பட்டது. பெரியவர் ஒருவர் கேட்டது இது: “தம்பி, வெங்காயத் தாள் கருகிறதுக்கு என்ன செய்யிறது எண்டு ஒரு புத்தகம் கிடக்கோ?” அப்படியொரு நூல் இருந்தது. அதன் அட்டை “வேளாண்மை” என்ற தலைப்பில், மண்வளம் பற்றிய நூல்களுக்கும் கோழி வளர்ப்புக்கும் நடுவில் இருந்தது. “விவசாயம்” என்ற தலைப்பில் வேறு சில அட்டைகள் இருந்தன. “கமம்” என்ற தலைப்பிலும் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்படி எங்கும் ஒரு குறிப்புக் கிடையாது. ஒரு தலைப்பைப் பார்த்தவர், இருப்பது அவ்வளவுதான் என்று எண்ணித் திரும்பிவிடுவார். பொருளட்டையில் விளையும் மிகப் பெரிய கேடு இதுதான். முற்றாக இல்லாத தலைப்பு வாசகரை உதவியாளரிடம் அனுப்பும். பாதி இருக்கும் தலைப்பு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இரண்டாவது சிக்கல் யாழ்ப்பாணத்துக்கே உரியது. இந்து நாகரிகம் படிக்கும் உயர்தர மாணவி ஒருவர் “அண்ணை, கல்வெட்டுப் புத்தகம் எங்கை?” என்று கேட்டார். “கல்வெட்டு” என்ற வழிகாட்டி அட்டைக்கு (தலைப்பைக் காட்ட மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் அட்டை) பின்னால் இருந்தவற்றில் பெரும்பாலானவை 31ஆம் நாளில் வெளியிடப்படும் நினைவு மலர்கள். சோழர் சாசனங்கள் பற்றிய ஓரிரு அட்டைகள் அவற்றுக்கிடையில் செருகியிருந்தன. இங்கே இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வழங்குகிறது.

மூன்றாவது, “சைவம்” என்ற ஒரே தலைப்பில் ஒரு சாணுக்கும் மேல் அட்டைகள், இடையில் ஒரு வழிகாட்டி அட்டைகூட இல்லை. கோயில் வரலாறு, திருமுறை உரை, சித்தாந்தம், விரதம், கும்பாபிஷேக மலர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

நான்காவது, அடுக்கிய ஒழுங்கே இரண்டு வகை. ஒருவர் “அக்” என்று தொடங்குவதை “அக” என்பதற்கு முன் வைத்திருந்தார், இன்னொருவர் பின் வைத்திருந்தார்.

இவை போதாதென்று, தொலைந்துபோன நூல்களின் அட்டைகளும் அப்படியே இருந்தன. ஒரு நூலுக்கு எந்தெந்தத் தலைப்பில் அட்டை எழுதப்பட்டது என்ற குறிப்பு ஆசிரியர் அட்டையின் பின்புறத்தில் இருக்க வேண்டும். பழைய அட்டைகளில் அது இருந்தது, பிந்தியவற்றில் இல்லை. அதனால் ஒரு நூலைக் கழித்தாலும் அதன் பொருளட்டைகளைத் தேடி எடுக்க வழியில்லாமல் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அட்டையை விட்டுவிட்டுத் தலைப்புப் பட்டியலில் தொடங்குவது. ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு துண்டு எழுதப்பட்டது. மேலே தலைப்பு, அதன் கீழ் விலக்கிய சொற்கள், அதன் கீழ் தொடர்புடைய குறுகிய தலைப்புகள். இந்தத் துண்டுகள் தனி லாச்சியில் பூட்டி வைக்கப்பட்டன. துண்டில் இல்லாத தலைப்பில் யாரும் அட்டை எழுதக்கூடாது. புதிய தலைப்பு வேண்டுமென்றால் முதலில் துண்டு, பிறகுதான் அட்டை.

எந்த முறையைப் பின்பற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. ஆலோசனைக்கு வந்த ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர், இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் சங்கிலி முறையை விரும்பினார். 1950களில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஆலோசனை சொன்ன அதே ரங்கநாதன்தான். ரங்கநாதனின் முறையில் தலைப்பை, நூலின் பொருளைக் கொண்டு அதற்கு இடும் பகுப்பெண்ணே தரும். தூயி தசமப் பகுப்பில் வெங்காயத்துக்கு எண் 635.25. அதைக் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி அவிழ்த்தால் வெங்காயம், கிழங்கு வகை, தோட்டப் பயிர், விவசாயம், தொழில்நுட்பம் என்று ஒரு சங்கிலி வரும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சுட்டி அட்டை, அதில் எண் மட்டும். வாசகர் சொல்லைப் பார்த்து எண்ணை அறிந்து, எண் வரிசையில் அடுக்கிய அட்டைகளுக்குப் போக வேண்டும். எழுதுபவரின் ஊகத்துக்கு இடம் குறைவு என்பது இதன் பலம். இரண்டு தடவை தேட வேண்டும் என்பது பலவீனம்.

மற்றது அமெரிக்க நூலகர் சார்ள்ஸ் கட்டர் 1876 இல் வகுத்த அகராதி முறை. நூல் எதைப் பற்றியதோ அந்தப் பொருளின் பெயரிலேயே நேராக அட்டை வைப்பது. வெங்காயம் பற்றிய நூலுக்கு “வெங்காயம்” என்றே தலைப்பு, “விவசாயம் – வெங்காயம்” என்று அல்ல. கொப்பியில் எழுதியிருந்த கேள்விகளில் பெரும்பாலானவை இப்படி நேராகப் பொருளைச் சொல்பவையாக இருந்ததால் இந்த முறையே எடுக்கப்பட்டது. ஆனால் சங்கிலியும் வீண்போகவில்லை. “விவசாயம்: தோட்டப் பயிர்களையும் காண்க”, “தோட்டப் பயிர்கள்: வெங்காயம், மிளகாய், புகையிலையையும் காண்க” என்ற இணைப்புகளை எழுத அதுவே உதவியது. இந்த இணைப்பு அகன்ற தலைப்பிலிருந்து குறுகிய தலைப்புக்கு மட்டுமே போகும். மேல்நோக்கியும் எழுதினால் லாச்சி இணைப்பு அட்டைகளால் நிறைந்துவிடும். அட்டை ஒன்றுமே இல்லாத தலைப்புக்கு இணைப்புக் கொடுப்பதும் தடுக்கப்பட்டது.

ஒத்த சொற்களில் எதை ஏற்பது என்பதற்கு ஒரு விதி வைக்கப்பட்டது: பாடநூலும் ஊரவரும் ஒருங்கே அறிந்த சொல் இருந்தால் அது. அப்படி “விவசாயம்” தலைப்பாயிற்று. கமம், வேளாண்மை இரண்டுக்கும் “விவசாயம் காண்க” என்ற அட்டை. சோதிடம் ஏற்கப்பட்டது, ஜோதிடத்துக்குக் காண்க. சித்த மருத்துவம் ஏற்கப்பட்டது, நாட்டு வைத்தியத்துக்கும் கைவைத்தியத்துக்கும் காண்க. கைவைத்தியம் வேறு, சித்தம் வேறு என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். வாதம் சரிதான். ஆனால் இறாக்கையில் அவை இரண்டும் தனித்தனித் தலைப்பு வேண்டும் அளவுக்கு நூல்கள் இல்லை.

கல்வெட்டுக்கு அடைப்புக்குறி விளக்கம் சேர்க்கப்பட்டது. “கல்வெட்டு (சாசனம்)” ஒன்று. மற்றது “நினைவு மலர்கள்”, அதன் கீழ் ஊர்ப்பெயர். “கல்வெட்டு (நினைவு வெளியீடு)” என்ற சொல்லுக்கு “நினைவு மலர்கள் காண்க”. இந்த மலர்களைக் குப்பை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் வம்ச வரலாறு, ஊர்ப் பாடசாலையின் தொடக்கம், கோயில் உபயகாரர் விபரம் எல்லாம் வேறெங்கும் அச்சேறாமல் இவற்றில் மட்டும் கிடப்பதுண்டு. அதனால் இறந்தவர் பெயரைவிட ஊர்ப்பெயருக்கே முதன்மை கொடுக்கப்பட்டது.

ஆட்பெயர்களில் அதிகக் குழப்பம் பட்டங்களால் வந்தது. ஆறுமுக நாவலர் பற்றிய நூல்கள் ஆ, நா, ந, ஶ்ரீ என நான்கு இடங்களில் இருந்தன. ஊர், பட்டம், முதலெழுத்து மூன்றும் முன்னால் வரக்கூடாது என்பது விதியாயிற்று. “ஆறுமுக நாவலர், 1822–1879”, “தாமோதரம்பிள்ளை, சி. வை., 1832–1901”, “தனிநாயகம் அடிகள், 1913–1980”. நாவலர், அடிகள் போல மக்கள் வாயில் பெயரோடு ஒட்டிவிட்ட பட்டம் பெயருக்குப் பின்னால் நிற்கலாம்.

வரலாற்றில் இடப்பெயர் முன்னால்: “யாழ்ப்பாணம் – வரலாறு”. தொழில், கலை, மருத்துவம் போன்றவற்றில் பொருள் முன்னால்: “மீன்பிடி – யாழ்ப்பாணம்”. வரலாற்றைக் காலத்தால் பிரித்து, அந்தப் பிரிவுகளை அகர வரிசையில் அல்லாமல் ஆண்டு வரிசையிலேயே அடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு 1619 வரை, 1619–1658, 1658–1795, 1795–1948, 1948 முதல் என்று பிரிக்கப்பட்டது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் கைமாறிய ஆண்டுகளே எல்லைகள்.

போர்க்காலத்து நூல்களே அதிக நேரம் எடுத்தன. உள்நாட்டுப் போர், இனப்பிரச்சினை, விடுதலைப் போராட்டம், பயங்கரவாதம் என்று ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது. பெயரிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். “இலங்கை – வரலாறு – 1983–2009” என்று ஆண்டு மட்டும் கொண்ட தலைப்பு எடுக்கப்பட்டு, வாசகர் தேடக்கூடிய மற்றச் சொற்கள் எல்லாவற்றுக்கும் “காண்க” அட்டை வைக்கப்பட்டது. தலைப்பு எந்தப் பக்கமும் பேசாது. தேடுபவரும் வெறுங்கையோடு போகமாட்டார்.

நாவல், சிறுகதை, கவிதைக்குப் பொருளட்டை இல்லை என்றும், மற்ற நூல்களுக்கு மூன்றுக்கு மேல் இல்லை என்றும் முடிவாயிற்று. மூன்றுக்கு மேல் வேண்டுமென்று தோன்றினால் அவற்றை அடக்கும் அகன்ற தலைப்பு ஒன்றே போதும்.

அடுக்கும் விதிகள்

பொதுவாகத் தமிழ் அகராதிகள் மெய்யை அதன் உயிர்மெய்க்கு முன் வைக்கின்றன. “அக்கா” முன், “அகம்” பின். அதுவே எடுக்கப்பட்டது. கிரந்த எழுத்துகள் “ன” வரிசைக்குப் பின்.

சொல் இடைவெளியைக் கணக்கில் எடுப்பதா என்பது இதைவிடச் சிக்கலானது. இடைவெளியை மதித்தால் “நாட்டு வளம்” முன்னும் “நாட்டுக்கூத்து” பின்னும் வரும். ஆனால் “நாட்டுக் கூத்து” என்று பிரித்து எழுதிய அட்டை இன்னோர் இடத்துக்குப் போகும். தமிழில் சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் எழுதுபவர் கைப்பழக்கம். ஆகவே இடைவெளியைப் பொருட்படுத்தாமல் எழுத்தெழுத்தாக அடுக்குவது என்று முடிவாயிற்று. தலைப்பின் நடுவில் வரும் கோடு (–) மட்டும் நிறுத்தமாகக் கொள்ளப்படும்: முதலில் தனித் தலைப்பு, அடுத்து அதன் உட்பிரிவுகள், அதன் பிறகே நீண்ட சொற்கள்.

அட்டையும் எழுத்தும்

அளவு 7.5 × 12.5 சென்ரிமீற்றர், அடி நடுவில் கம்பித் துளை. அச்சகத்தில் பிறிஸ்டல் அட்டை வெட்டுவிக்கப்பட்டது. அட்டையின் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் விரல் பட்டுப் பட்டு அட்டை பின்பக்கம் மடிந்து தொங்கிவிடும். இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் திசையைக் கொண்டு நாரை அறியலாம். மாரியில் ஈரம் ஏறும்போது அட்டை நாருக்குக் குறுக்கே, அதாவது அகலத்தில், பருக்கும். ஆகவே லாச்சியின் உள் அகலத்தில் சில மில்லிமீற்றராவது இடைவெளி வேண்டும். கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள அட்டை 40 சென்ரிமீற்றர் லாச்சியில் 1,600 வரை பிடிக்கும், ஆனால் 1,000க்கு மேல் அடைத்தால் விரித்துப் படிக்க முடியாது. வழிகாட்டி அட்டை 25 அட்டைக்கு ஒன்று.

ஆங்கில அட்டைகளில் பொருள் தலைப்பைப் பெரிய எழுத்தில் அடித்து வேறுபடுத்தலாம். தமிழில் அதற்கு வழியில்லை, எனவே சிவப்பு மை. ஊற்றுப் பேனையின் சிவப்பு ஈரத்தில் கசிந்ததால் குமிழ்முனைப் பேனைக்கு மாற வேண்டியிருந்தது. பனை பற்றிய கையேடு ஒன்றின் அட்டை இப்படி அமைந்தது: இடது மூலையில் பகுப்பெண், முதல் வரியில் இரண்டாம் நிலைக்குத்துக் கோட்டிலிருந்து சிவப்பில் “பனை”, அடுத்த வரியில் முதல் நிலைக்குத்துக் கோட்டிலிருந்து ஆசிரியர் பெயர், அதன் கீழ் உள்தள்ளி நூற்பெயர், பதிப்பு, இடம், ஆண்டு, பக்கம். அதே நூலுக்கு “பனையோலைக் கைப்பணி”, “பனை உணவுகள்” என்று இன்னும் இரண்டு. நூல் இறாக்கையில் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும், அட்டை மூன்று இடத்தில் நிற்கும். ஒடியலுக்கும் பனாட்டுக்கும் தனி அட்டை இல்லை; “பனை உணவுகள் காண்க”. ஆசிரியர் அட்டையின் பின்புறத்தில் இந்த மூன்று தலைப்பும் இலக்கமிட்டு எழுதப்பட்டன.

தலைப்பை நூற்பெயரைப் பார்த்து முடிவுசெய்யக்கூடாது. நம் கட்டுரைத் தொகுப்புகளுக்கு வைக்கும் பெயர்கள் உள்ளடக்கத்தைச் சொல்வதே இல்லை. பொருளடக்கம், முன்னுரை, முதல் இயலின் சில பக்கங்கள் பார்த்த பிறகே துண்டில் தலைப்பு எழுதப்பட்டது.

அடுக்கும்போது புதிய அட்டைகள் கம்பிக்கு மேலே நிறுத்தி வைக்கப்பட்டன. இரண்டாவது ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகே கம்பியை உருவி அட்டையை இறக்கினார்கள். ஆள் போதாத நாளில் விடத் தோன்றும் படி இது. விட்ட நாட்களில் அடுக்கியவற்றில்தான் பிழைகள் அகப்பட்டன.

பின்விளைவு

பதிவேட்டோடு இறாக்கையை ஒப்பிட்டு, இல்லாத நூல்களின் அட்டைகள் முதலில் அகற்றப்பட்டன. பொருளட்டைகள், இணைப்பு அட்டைகளோடு சேர்த்து, ஏறக்குறைய 3,500 ஆகி நான்கு லாச்சிகளுக்குள் அடங்கின. “காண்க” அட்டைகளை இளநீலத்தில் வெட்டியது எதிர்பார்த்ததைவிடப் பயன்பட்டது. அது நூலுக்கான அட்டை அல்ல என்பது லாச்சியை இழுத்த உடனேயே தெரிகிறது.

உயர்தர மாணவர்கள் தாமாகவே தேடத் தொடங்கினார்கள். வயதானவர்கள் தொடங்கவில்லை. அவர்கள் முன்போலவே உதவியாளரைக் கேட்கிறார்கள். ஆனால் உதவியாளர் இப்போது நினைவை நம்பாமல் தலைப்புத் துண்டுகளைப் பார்க்கிறார். அவர் விடுமுறையில் நின்ற நாட்களிலும் இன்னொருவரால் நூல் எடுத்துக் கொடுக்க முடிந்தது.

“சைவம்” தலைப்பு இன்னமும் பாரமாகவே இருக்கிறது. கோயில்களை ஊர்வாரியாகவும் சித்தாந்தத்தைத் தனியாகவும் பிரித்த பிறகும் எஞ்சியது அதிகம். தூயி பகுப்பில் இந்து சமயம் முழுவதும் 294.5 க்குள் அடங்க வேண்டியிருப்பதால் எண்ணிலிருந்தும் உதவி குறைவு. விரதம், திருமுறை, நாயன்மார் என்று உள்ளூரிலேயே பிரிவு வகுக்க வேண்டியிருந்தது.

தலைப்புத் துண்டுகள் பின்னர் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சாகின. வெறும் குறியீட்டு எண் வரிசையில் அடுக்கினால் அங்கேயும் புள்ளி வைத்த எழுத்து கடைசிக்குப் போய், “அக்கா” என்பது “அகம்” என்பதற்குப் பின்னால் வந்துவிடும். தமிழ் வரிசை அறிந்த மென்பொருளா என்று முதலில் இந்த இரண்டு சொல்லையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மாற்ற வேண்டியவை

ஆட்பெயர்த் துண்டுகளை முதலிலேயே எழுதியிருந்தால் சிவப்பில் எழுதிய அட்டைகள் பலவற்றைக் கிழிக்க நேர்ந்திராது. “காண்க” அட்டைகளைத் தலைப்போடு சேர்த்து அன்றன்றே எழுத வேண்டும், ஆனால் “இவற்றையும் காண்க” இணைப்புகளை எல்லாத் தலைப்பும் அடுக்கி முடிந்த பிறகு எழுத வேண்டும். இங்கே இரண்டும் கலந்தே நடந்தன, அதனால் அட்டையே இல்லாத தலைப்புகளுக்குப் போகும் இணைப்புகள் சில உள்ளே புகுந்துவிட்டன.

தலைப்புத் துண்டுகளுக்கு இரண்டாவது பிரதி ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஒருங்குறிக் கோப்பு அதற்குப் போதும், ஆனால் ஆண்டுக்கொரு தடவையாவது அச்சிட்டு வைக்க வேண்டும். கேள்விக் கொப்பியை வேலை முடிந்தது என்று நிறுத்தியிருக்கக்கூடாது. பாடத்திட்டம் மாறும்போது மாணவர் கேட்கும் சொல்லும் மாறுகிறது. அந்தச் சொற்களுக்கு இளநீல அட்டை எழுத அது ஒன்றே வழி. இப்போது அது மீண்டும் மேசையில் இருக்கிறது.

கம்பிகள் இரும்பில் செய்யப்பட்டன. முதல் மாரியிலேயே துளையைச் சுற்றித் துருக்கறை பிடித்தது. அடுத்த தொகுதிக்குப் பித்தளைக் கம்பி கேட்டுத் தச்சரிடம் சொல்லியிருக்கிறது.